இருபது லிட்டர் மாவு

செக்காலையில் வீடு மாற்றிப் போனவர்கள்
தூக்க ஆளில்லாமல் எனக்கு விட்டுப்போன ஃப்ரிட்ஜ்.
அதற்குத் தெரிந்தது இரண்டே குணம்:
உறைய வைப்பது, இல்லையென்றால் உறங்குவது.
எனக்கு வேண்டியதோ பதினெட்டு டிகிரி.
சித்திரையில், காரைக்குடியில்,
குழாய்த் தண்ணீரே முப்பத்தாறில் விழும்போது
பதினெட்டு.

முதல் தடவை எந்தக் கருவியும் இல்லாமல்
மூலையில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தேன்.
ஈஸ்ட் சாமியாடியது.
மூடியைத் திறந்தால் நெயில் பாலிஷ் வாடை.
எத்தில் அசிட்டேட் என்று கோட்டையூர் பிள்ளைகளுக்குச்
சாக்பீஸ் தேய எழுதிப் போடுகிறவள்,
மூக்கைப் பொத்திக்கொண்டு
மொத்தத்தையும் கழிவறையில் ஊற்றினேன்.

மெக்கானிக் செபஸ்தியிடம் சொன்னது: இட்லி மாவு.
வெயிலுக்குப் புளித்துப் போகிறது,
ஒரே சூட்டில் நிறுத்த ஏதாவது வேண்டும்.
"எவ்வளவு மாவு?"
"இருபது லிட்டர்."
"வீட்ல எத்தனை பேரு டீச்சர்?"
நான் ஒருத்திதான்.

மூன்றை எடுத்து மேசையில் போட்டார்.
ஒன்று வட்டத் திருகு, எண்ணே கிடையாது;
குளிர், இன்னும் குளிர் என்பதற்கு மேல் பேசாது.
ஒன்று பெட்டியில்லாத பச்சைப் பலகை;
மலிவு, ஆனால் பல்லி ஏறினால்
பல்லியும் போகும் பலகையும் போகும்.
மூன்றாவதற்கு இரண்டு பிளக் துளை,
குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று.
"இந்த ஊர்ல சூடேத்தக் காசு குடுக்கணுமா?"
"கெடக்கட்டும் டீச்சர்."

ஃப்ரிட்ஜ் தலையில் வைக்கப் போனேன். அதிரும் என்றார்.
உள்ளே? வேர்க்கும்.
ஜன்னலோரம்? நாலு மணி வெயிலில் எண் தெரியாது.
கடைசியில் நகைக்கடைக் காலண்டரின் ஆணியில்.
ராகுகாலம் சமையலறைக்குக் குடிபோனது.
கதவு ரப்பரில், கீல் பக்கமாக, ஒயரை நுழைத்தார்.
கொப்புடையம்மன் திருவிழாவுக்கு
சீரியல் பல்பு கட்டியிருந்த வாரம்;
கரண்ட் வந்து வந்து போனது.
"வந்ததும் கம்ப்ரஸரை எழுப்பக் கூடாது.
மூணு நிமிஷம் மூச்சு வாங்கட்டும்."
அந்த மூன்றையும் அழுத்தி வைத்தார்.

பிறகு சென்சார் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.
"மாவுன்னா
காத்துல தொங்க விட்டாப் போதும்."
வெள்ளை வாளியை நான் பார்த்தேன், அவர் பார்த்தார்.
மூடியில் நட்டிருந்த குழாயில்
ஒரு குமிழ் ஏறி, ப்ளுப் என்றது.
"மாவு இல்லேன்னா
வாளியைத் தொடணும். இது தானாச் சுடற சரக்கு.
காத்து பதினெட்டுல நிக்கும்,
உள்ளுக்குள்ள இருபத்திரண்டு கொதிக்கும்."

சிங்கப்பூரில் மூன்று வருஷம்
ஒரு பாரின் குளிரறையைப் பார்த்துக்கொண்டவர் என்பதை
அப்போதுதான் சொன்னார்.
என் அறுந்த ஹவாய் செருப்பைக் கேட்டு வாங்கி
குதிகாலை வெட்டினார்.
வாளியின் இடுப்பில், நுரைக்குக் கீழே,
நுனியை அழுத்தி, மேலே அந்த ரப்பரை வைத்து
டேப்பால் சுற்றினார்,
காற்று சொல்வது அதன் காதில் விழாதபடி.
சூட்டுத் துளையில் செருகிய ஒயரின் முனையில்
ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பை உள்ளே தொங்கவிட்டார்.
எதற்கென்று கேட்கவில்லை. கூலி முந்நூறு.

ஒன்பது நாள் அது எரியவில்லை.
பத்தாம் நாள் ராத்திரி விடைத்தாள் திருத்துகிறேன்.
ஊர் முழுக்க விசிறி, விசிறியிலும் அனல்.
கம்ப்ரஸர் நின்று வெகுநேரம் ஆகியும்
எண் இறங்கிக்கொண்டே போனது.
பதினேழு புள்ளி ஆறு. ஐந்து. நான்கு.
கதவிடுக்கில், ஒயர் நுழைந்த இடத்தில்,
நூலளவு சிவப்பு.

உள்ளே இனி யாரும் தானாகச் சுடவில்லை.
காரைக்குடியில், சித்திரையில்,
ஒரு வாளிக்குக் குளிரெடுக்கிறது.

"மாவு அடங்கிருச்சு" என்று அனுப்பினேன்.
பதினொன்றரைக்குப் பதில் வந்தது:
"ரெண்டு நாள் தொடாதீங்க.
சட்னி நான் கொண்டு வரேன்."